பழைய மடக்கு வேலைமேசை: எதைச் சரிசெய்வது, எப்படிச் செய்வது, எப்போது கைவிடுவது

சிங்கப்பூர் வீடுகளில் மடக்கு வேலைமேசைக்கு இரண்டு இடங்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் சலவை இயந்திரத்தை ஒட்டி. மற்றது, பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுக் காப்பறை) பழைய மின்விசிறிக்கும் பயணப்பெட்டிக்கும் நடுவில். இரண்டுமே அதற்கு ஒத்துவராத இடங்கள். முதலாவதில் ஈரமும் ப்ளீச் ஆவியும் இரும்பை அரிக்கின்றன. இரண்டாவதில் கதவை மூடியே வைப்பதால் காற்று நகராமல் பலகை ஊறுகிறது. சில ஆண்டுகள் கழித்து எடுத்து விரித்தால் கால் ஆடும், கைப்பிடி சுற்றும் ஆனால் பிடிக்காது, பலகையின் ஓரம் தேநீரில் நனைத்த பிஸ்கட் போல உப்பியிருக்கும்.

உப்பிய பலகையைப் பார்த்ததும் ‘இது போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான கணக்கு. கண்ணுக்கு மிக மோசமாகத் தெரியும் பலகைதான் மாற்றுவதற்கு மிக எளிது. மேசை பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது வெளியே தெரியாமல் அடியில் இருக்கும் இரண்டு நட்டுகளும் கால் சட்டமும்தான். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

மேசை வேலை செய்யும் விதம்

மேலே இரண்டு பலகைகள். இரண்டும் சேர்ந்து மேசைத் தளமாகவும் இருக்கும், பொருளை நடுவில் வைத்து இறுக்கிப் பிடிக்கும் ஒரு நீண்ட வைஸின் தாடைகளாகவும் இருக்கும். ஒரு தாடை அசையாது. மற்றொன்றை இடமும் வலமும் உள்ள இரண்டு மரைத் தண்டுகள் நகர்த்துகின்றன. ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி. இந்தத் தனித்தனி என்பதுதான் முழு வடிவமைப்பின் உயிர்: ஒரு பக்கத்தைக் கூடுதலாக இறுக்கினால் தாடை சாய்வாக நிற்கும், அதனால் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த பொருளையும் பிடிக்கலாம். தாடை சாய்வதற்கு இடம் கொடுக்க, தண்டு நுழையும் நட்டு அதன் கூட்டுக்குள் சற்றே திரும்பும்படி உருளை வடிவில் இருக்கும்.

இந்த யோசனை ரான் ஹிக்மனுடையது. லோட்டஸ் நிறுவனத்தில் எலான் காரை வடிவமைத்தவர் அவர். நாற்காலியையே மேசையாக வைத்து மரம் அறுத்தபோது நாற்காலியும் சேர்ந்து அறுபட்டது. அதற்கு மாற்றாக அவர் செய்ததுதான் பிற்பாடு வொர்க்மேட் ஆனது. முதலில் வேண்டாம் என்று சொன்ன பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமே 1970-களில் அதைத் தயாரித்து உலகம் முழுக்க விற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் எந்த மடக்கு மேசையும் ஏறக்குறைய அதே அமைப்புதான். அதனால் கீழே சொல்லும் முறைகள் பெயர் தெரியாத மலிவு மேசைகளுக்கும் பொருந்தும்.

முதல் சோதனை: பதினைந்து நிமிடம்

மேசையை வரவேற்பறையில் விரியுங்கள். சமையலறையிலும் துணி காயப்போடும் இடத்திலும் சோதிக்காதீர்கள். அங்கே தண்ணீர் வடிவதற்காகத் தரையே வடிகால் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். நல்ல மேசைகூட அங்கே நொண்டும்.

முதலில் தளத்தைப் பிடித்து இடவலமாகத் தள்ளுங்கள், பிறகு முன்பின்னாக. ஆட்டம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். தேய்ந்த மூட்டில் உலோகம் உலோகத்தை இடிக்கும் ‘டக்’ விரல் நுனியில் தெரியும். அந்த மூட்டுகளை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு கைப்பிடியின் மேலும் தண்டின் முனையிலும் ஒரே கோடாக மார்க்கரால் இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். கோடு இரண்டாகப் பிரிந்தால், கைப்பிடியைத் தண்டோடு பிணைக்கும் பின் அறுந்துவிட்டது. கோடு சேர்ந்தே சுற்றியும் தாடை நகராவிட்டால், நட்டின் மரை போய்விட்டது. அடியில் குனிந்து பாருங்கள்: நட்டு நைலானாக இருந்தால் தண்டின் பள்ளங்களில் துருவிய தேங்காய் போல வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும், இரும்பாக இருந்தால் மினுங்கும் பொடி. இறுக்கும்போது தாடை வருகிறது, தளர்த்தும்போது திரும்பிப் போகவில்லை என்றால் தண்டை அதன் இடத்தில் நிறுத்தும் வளையமோ கிளிப்போ விழுந்துவிட்டது. இது மிக மலிவான பழுது. மற்றக் கைப்பிடியையும் இதேபோல் பாருங்கள்.

கடைசியாக, தட்டை முனை ஸ்குரூடிரைவரால் துருப்பிடித்த இடங்களைக் குத்துங்கள். குறிப்பாகக் கால் குழாயின் அடிமுனை, ரப்பர் மூடிக்குள் மறைந்திருக்கும் பகுதி. தண்ணீர் அங்கேதான் தங்கும். பொடியாக உதிர்ந்தாலும் அடியில் கெட்டியாக இருந்தால் பரவாயில்லை. ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் அந்தக் கால் முடிந்தது.

இவை இருந்தால் சரிசெய்ய வேண்டாம்

கால் குழாய் மடங்கி நசுங்கியிருந்தால் நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள். மெல்லிய குழாய் ஒருமுறை நசுங்கிய இடத்தில் வலுவை இழந்துவிடும். அடுத்த முறை எடை ஏறும்போது அதே இடத்தில் எச்சரிக்கை இல்லாமல் மடங்கும். துரு ஊடுருவிய குழாய், வார்ப்பு அலுமினியத் தாங்கியில் விரிசல், தண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு பிளந்து உதிரிப் பாகமும் கிடைக்காத நிலை, இவையும் அப்படியே. பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் மட்டும் என்றால் வெல்டிங் செய்பவரிடம் காட்டலாம், ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயில் பற்றவைப்பது எளிதல்ல, ஓட்டை விழும். இரண்டு இடத்துக்கு மேல் விரிசல் இருந்தால் விட்டுவிடலாம்.

மற்ற எல்லாம், அதாவது ஆடும் மூட்டு, போன நட்டு, உப்பிய பலகை, தொலைந்த முளை (பொருள் நகராமல் தடுக்கப் பலகைத் துளையில் செருகும் கட்டை), தேய்ந்த ரப்பர், மேல்துரு, எல்லாமே சரியாகும். அதிலும் பழைய கனமான எஃகுச் சட்டமாக இருந்தால் கட்டாயம் காப்பாற்றுங்கள். இன்றைய மலிவு மேசைகளில் அந்தக் கனம் கிடையாது. ரம்பம் ஓடும்போது மேசையை நகராமல் நிறுத்துவது கனம்தான்.

கழற்றுவதற்கு முன்

நான்கு பக்கமும் படம் எடுங்கள். தண்டின் இரு முனைகளையும், வாஷர்கள் நிற்கும் வரிசையையும் கிட்டத்தில் வைத்து எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் மறைப்பு நாடா ஒட்டி ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதுங்கள். இரண்டு தண்டுகளும் ஒன்றுபோல இருந்தாலும் தேய்மானம் வேறாக இருக்கும்.

கால்களை ஒரு கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். ஒரு மூட்டைத் தளர்த்தியதும் மொத்தச் சட்டமும் கத்தரி போல மூடிக்கொள்ளும். விரல் நடுவில் இருந்தால் எலும்புவரை போகும். இதே காரணத்துக்காக, மூட்டுகளை ஒரே நேரத்தில் எல்லாம் கழற்றாமல் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சட்டத்தின் சதுரமும் கலையாது.

தேவையான கருவிகள்: டிரில், 3, 6, 8 மிமீ இரும்புப் பிட்கள், பொட்டு வைக்கும் சென்டர் பஞ்ச், சுத்தியல், லாக்கிங் பிளையர், இரண்டு ஸ்பேனர்கள், அரம், வெர்னியர் காலிப்பர், 80, 120, 180 எண் உப்புத்தாள். கண் காக்கும் கண்ணாடியும் என்95 முகக்கவசமும் வேண்டும். உப்பிய பழைய எம்டிஎஃப் (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையை அறுத்தாலும் தேய்த்தாலும் வரும் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல, சின்ன வீட்டில் அது எல்லா அறைக்கும் போகும்.

சத்த விஷயத்தையும் கணக்கில் வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதிகச் சத்தம் வரும் புதுப்பிப்பு வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். இரண்டு ரிவெட் துளைப்பது புதுப்பிப்பு அல்ல என்றாலும் அந்த நேரத்தையே கடைப்பிடித்தால் அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வராது. மேசையை வெளித் தாழ்வாரத்தில் விரித்து வேலை செய்யாதீர்கள். தீயணைப்பு விதிப்படி அங்கே 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும், தாழ்வாரத்தில் பரவும் இரும்புத் துகளும் குழந்தைகளின் காலில் ஏறும்.

ஆடும் மூட்டு

பெரும்பாலான மேசைகளில் மூட்டு என்பது ஒரு ரிவெட், அதாவது முனையைத் தட்டி விரித்துப் பூட்டிய ஆணி. ஆண்டுக்கணக்கில் மடக்கி விரித்ததில் ரிவெட் தேய்வதைவிட அது நிற்கும் துளைதான் அதிகம் தேயும். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிடும். அதனால் ரிவெட்டைச் சுத்தியலால் மறுபடி தட்டி இறுக்கினால் ஒரு வாரம்கூட நிற்காது. ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட்டு போடுவதே நிலையான தீர்வு.

1. ரிவெட் தலையின் நடுவில் பஞ்ச் வைத்துப் பொட்டுக் குழி செய்யுங்கள். 3 மிமீ பிட்டால் வழித் துளை போட்டு, பிறகு ரிவெட்டின் தண்டு அளவுள்ள பிட்டால் தலை கழன்று வரும்வரை மட்டும் துளையுங்கள். மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். வேகமாக ஓட்டினால் பிட் சிவந்து மழுங்கிவிடும்.

2. இங்கே அடிக்கடி வரும் தொல்லை, ரிவெட்டே பிட்டோடு சேர்ந்து சுற்றுவது. மறுமுனையை லாக்கிங் பிளையரால் பிடியுங்கள். பிடி கிடைக்காவிட்டால் டிரில்லை வைத்துவிட்டு அரத்தால் தலையை ராவி எடுங்கள். கால்மணி நேரம் ஆகும், ஆனால் சட்டம் கீறாது.

3. மீதித் துண்டைத் தட்டி வெளியேற்றித் துளையை அளவெடுங்கள். 6 மிமீ துளை 6.3 வரை விரிந்திருந்தால் எம்6 (6 மிமீ விட்டமுள்ள) போல்ட்டே போதும். அதற்கு மேல் என்றால் 8 மிமீ ஆகத் துளைத்து எம்8 போடுங்கள். 20 மிமீ-க்குக் குறைந்த குழாயில் 8 மிமீ துளை போடாதீர்கள், பக்கச் சுவரில் உலோகம் மிஞ்சாது.

4. போல்ட்டு முழுக்க மரை உள்ளதாக இருக்கக் கூடாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மரை என்பது ஒரு சுருள் அரம். மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் அது மெல்லிய குழாயின் துளையை ராவிக்கொண்டே இருக்கும், ஓராண்டில் பழைய ஆட்டம் திரும்பிவிடும். பாதி மரையுள்ள போல்ட்டு கேட்டு வாங்குங்கள். வழவழப்பான பகுதி இரண்டு சட்டங்களின் துளைகளிலும் படிய வேண்டும். இந்த வகை எம்8 போல்ட்டில் மரைப் பகுதி 22 மிமீ, எம்6-இல் 18 மிமீ. சட்டங்கள், வாஷர்கள் எல்லாம் சேர்ந்த தடிமனோடு இந்த எண்ணைக் கூட்டினால் வாங்க வேண்டிய நீளம் வரும். உதாரணமாக 20 மிமீ குழாய் இரண்டும் 1 மிமீ வாஷர் மூன்றும் சேர்ந்தால் 43; அதோடு 22 கூட்டினால் 65. நட்டுக்கு வெளியே நீட்டுவதை அறுத்து, முனையை அரத்தால் மழுக்குங்கள்.

5. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் நைலான் வாஷர், வெளிப்பக்கம் இரண்டிலும் இரும்பு வாஷர், கடைசியில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாதது). ஆட்டம் நிற்கும்வரை இறுக்கிவிட்டு, எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். கையால் மடக்கினால் சற்று எதிர்த்து மடங்க வேண்டும், தானாக விழக் கூடாது. சாதா நட்டு போட்டால் பத்துமுறை மடக்குவதற்குள் கழன்றுவிடும்.

ஒரு மூட்டை மாற்றினால் அதன் எதிர்ப்பக்க மூட்டையும் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வும் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொண்டே மடங்கும்.

தண்டும் நட்டும்

மொத்தப் பழுதுபார்ப்பில் மிகுந்த பொறுமை வேண்டிய இடம் இது. இங்கே தவறினால் மேசை நிற்கும், ஆனால் எதையும் பிடிக்காது.

தாடைப் பலகையைக் கழற்றித் தண்டுகளை வெளியே எடுங்கள். மரையைப் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு சுத்தம் செய்து, கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். நேரான தண்டு ஒரே சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். சிறு வளைவை இரண்டு மரத்துண்டுகளுக்கு மேல் வைத்துத் தட்டி நேராக்கலாம். வளைவு மரையின் நடுவில் என்றால் புதிதுதான்.

மரையின் அளவைக் கண்டுபிடிக்க வெளிவிட்டத்தையும், பத்து மரைகள் சேர்ந்து அடைக்கும் நீளத்தையும் அளவெடுங்கள். பத்து மரைக்கு 17.5 மிமீ என்றால் சாதாரண எம்12. 15 மிமீ என்றால் எம்10. 25, 30 மிமீ என்று வந்து மரையின் முகடு கூராக இல்லாமல் தட்டையாக இருந்தால் அது டிரபிசாய்டல் மரை. அக்கம்பக்க ஹார்ட்வேர் கடையில் அதற்கு நட்டு கிடைக்காது. பழைய நட்டையும் தண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். 3டி பிரிண்டருக்கு விற்கும் 8 மிமீ தண்டுகள் இணையத்தில் மலிவாகக் கண்ணில் படும். அவற்றை வாங்காதீர்கள், மரத்தை இறுக்கும் வேலைக்கு அவை மெலிவு.

தண்டு நன்றாக இருந்து நட்டு மட்டும் போயிருந்தால், பழைய உருளை நட்டின் விட்டத்திலும் நீளத்திலும் எஃகு உருளை ஒன்றை வெட்டி, நடுவில் குறுக்காகத் துளைத்து மரை போட்டால் போதும். எம்12-க்கு 10.2 மிமீ துளை. மரை போடும் கருவி கையில் இல்லாவிட்டால் காக்கி புக்கிட், ஊபி தொழிற்பேட்டைகளில் உள்ள லேத் பட்டறைகளுக்கு இது சின்ன வேலை. இரண்டு துண்டுகளாகச் செய்யச் சொல்லுங்கள்.

தண்டும் போயிருந்தால் ஒரு மீட்டர் எம்12 மரைக்கம்பி வாங்கி இரண்டாக வெட்டலாம். ஆனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

முதலாவது, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பழைய 3 மிமீ மரை, மறுபக்கம் புதிய 1.75 மிமீ மரை என்றால், ஒரு சுற்றுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு தூரம் நகரும். பத்துச் சுற்றில் தாடை 12.5 மிமீ கோணலாகிவிடும்.

இரண்டாவது, நெருக்கமான மரை அதே கைவலுவுக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். பழைய பழக்கத்தில் முழுப் பலத்தோடு முறுக்கினால் தண்டைத் தாங்கும் தகடு வளையும், பிளாஸ்டிக் கூடாக இருந்தால் பிளக்கும். பொருள் கையால் இழுத்தால் நகராத அளவு போதும், அதற்குமேல் கால் சுற்று.

மூன்றாவது, நட்டு திரும்ப வேண்டும். உருளை நட்டு செய்ய வசதி இல்லாதவர்கள் ஒரு நீள நட்டைத் தகட்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். இறுகப் பிடிக்கும், ஆனால் தாடை இனிச் சாயாது. ஒரு கைப்பிடியை மட்டும் சுற்றினால் தாடை சாய முயலும், நட்டு விடாது, தண்டு வளையும். ஒரு மாதத்தில் மறுபடி அதே வேலை. உருளை நட்டு கூட்டுக்குள் விரலால் திருப்பினால் தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டே பூட்டுங்கள்.

கைப்பிடி முனையில் தண்டு வெளியே நழுவாமல் இருக்க 12 மிமீ ஷாஃப்ட் காலர் (தண்டில் மாட்டித் திருகால் இறுக்கும் வளையம்) ஒன்றோ, ஒன்றோடொன்று இறுக்கிய இரண்டு நட்டுகளோ வேண்டும். தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாஷர். கைப்பிடியைப் பிணைக்க 4 மிமீ குறுக்குத் துளை போட்டு ரோல் பின் தட்டுங்கள். பின் கைப்பிடியின் கழுத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கட்டும், நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையைக் கிழிக்கும்.

மரையில் கிரீஸ் தடவாதீர்கள். மரத்தூள் கிரீஸில் ஒட்டி உப்புத்தாள் கூழாகிவிடும், நைலான் நட்டுகள் சீக்கிரம் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியை மரையின் நீளத்துக்கும் அழுத்தித் தேயுங்கள். அல்லது உலர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே. டபிள்யூடி-40 துருப்பிடித்ததை விடுவிக்க நல்லது. நீடித்த மசகாக அதை நம்பாதீர்கள்.

தாடைப் பலகைகள்

பழைய பலகையை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தடிமனை ஓரத்தில் அளக்காதீர்கள். எம்டிஎஃப் ஓரத்திலிருந்துதான் ஊறுகிறது. 25 மிமீ பலகை ஓரத்தில் 29 காட்டும். நடுவில் ஒரு முளைத் துளை வழியாகக் காலிப்பரை விட்டு அளந்தால் உண்மையான அளவு தெரியும். நீளமும் அகலமும் ஏறக்குறைய மாறியிருக்காது.

மறுபடி எம்டிஎஃப் போடாதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, விடியற்காலையில் 90-ஐத் தாண்டுகிறது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பசையில் ஒட்டிய பிளைவுட்டே சரியான தேர்வு. ரப்பர் மரப் பலகையும் கடினமானது, தாடைக்கு ஏற்றது, ஆனால் ஆறு பக்கமும் வார்னிஷ் போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மெரந்தி இலகு, விலையும் குறைவு, ஆனால் இறுக்கினால் பள்ளம் விழும்.

முழு ஷீட் 4-க்கு 8 அடி, வீட்டு லிஃப்டில் ஏறாது, தேவையும் இல்லை. அளவுக்கு வெட்டித் தரும் கடைகளில் வெட்டு மீதித் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். 600-க்கு 120 மிமீ துண்டு இரண்டு என்பது அவர்களுக்குக் கழிவு. 25 மிமீ கிடைக்காவிட்டால் 12 மிமீ பிளைவுட் இரண்டை ஈரம் தாங்கும் டி3 வகைப் பிவிஏ பசையால் ஒட்டி இரவு முழுக்க இறுக்கி வையுங்கள். 24 மிமீ வரும், குறையும் 1 மில்லிமீட்டரைக் கீழே வாஷரால் ஈடுகட்டலாம். இரண்டு தாடையும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பழைய பலகையைப் புதிதின் மேல் வைத்துத் துளைகளைக் குறியுங்கள். முளைத் துளைகள் பெரும்பாலும் 20 மிமீ, ஆனாலும் உங்கள் முளையின் தண்டை அளந்துவிட்டே பிட் வாங்குங்கள். ஃபார்ஸ்ட்னர் பிட் (மரத்தில் சுத்தமான பெரிய துளை போடுவது), அடியில் ஒரு வேண்டாத பலகை. இல்லாவிட்டால் பிட் மறுபக்கம் வெளியேறும்போது பிளைவுட்டின் கடைசி அடுக்கு பிய்ந்து வரும். வார்னிஷ் போட்டதும் துளை கொஞ்சம் இறுகும், அதையும் எதிர்பாருங்கள்.

சட்டத்தோடு பூட்டும்போது அடியிலிருந்து மரத்திருகு போடுவதுதான் தொழிற்சாலை வழக்கம். நகரும் தாடையில் அது போதாது. இறுக்கும்போது தாடை மேலே தூக்கப் பார்க்கும், திருகு மரத்திலிருந்து கழன்று வரும். மேலிருந்து ஊடுருவும் எம்6 கூம்புத் தலை போல்ட்டு போட்டு, தலையைத் தளத்துக்கு 4 மிமீ கீழே இறக்கி, மேலே மரச்செருகல் வைத்து மூடுங்கள். தலை மேலாக நின்றால் என்றாவது ஒருநாள் ரம்பப் பல் அதில் மோதும்.

பழைய பலகையின் உள்முகத்தில் நீளவாக்கில் வி வடிவப் பள்ளம் இருந்தால் புதிதிலும் போடுங்கள். 45 பாகையில் இரண்டு வெட்டு, 5 மிமீ ஆழம். பிவிசி குழாயையும் துணி காயப்போடும் மூங்கில் கழியையும் பிடிக்க அது இல்லாமல் முடியாது.

வார்னிஷ்: நீர் கலந்த பாலியூரித்தேன், வீட்டுக்குள் வாடை குறைவு. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 180 எண் உப்புத்தாள். மேல்முகத்துக்கு மூன்று, அடிமுகத்துக்கு ஒன்று என்று செய்தால் பலகை வளையும், ஏனெனில் ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சும், மறுபக்கம் உறிஞ்சாது. ஓரங்களுக்கும் துளைகளின் உட்சுவருக்கும் இன்னொரு பூச்சு கூடுதலாகவே போகட்டும். மழை நாளில் பூச வேண்டாம். கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு நாள் விட்டுத்தான் தாடைகளை மூட வேண்டும், அவசரப்பட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

துரு, கால் ரப்பர், முளை

மேல்துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு பூச்சு. கழற்றிய சிறு பாகங்களை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவையுங்கள். துத்தநாகம் பூசிய போல்ட்டுகளையும் மரைக்கம்பியையும் வினிகரில் போடாதீர்கள், பூச்சே கரைந்துவிடும்.

கால் ரப்பருக்கு நாற்காலிக் கால் மூடிகள் பொருந்தும், குழாயின் வெளி அளவைச் சொல்லிக் கேளுங்கள். போடும் முன் குழாய்க்குள் தேங்கிய துருப்பொடியைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். தொலைந்த முளைகளுக்கு அதே விட்டமுள்ள மர உருளைத் துண்டின் தலையில் ஒரு சதுரக் கட்டையைத் திருகினால் போதும், பிளாஸ்டிக்கைவிட நன்றாகவே பிடிக்கும்.

பூட்டியபின் சோதனை

தாடைகளை மூடி, நடுவில் ஒரு தாளை வையுங்கள். இரு முனையிலும் தாள் ஒரே இறுக்கமாகப் பிடிபட வேண்டும். மேல் விளிம்பு முதலில் தொட்டு அடியில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது குறையல்ல, நல்லது. இறுக்கும்போது தாடை சற்றே பின்சாயும், அப்போது முழு முகமும் பொருந்தும். மாறாக அடி முதலில் தொட்டால் பலகையின் வெளிப்பக்க விளிம்புக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி உயர்த்துங்கள்.

பிறகு ஒரு முனையில் 20 மிமீ கட்டையும் மறுமுனையில் 10 மிமீ கட்டையும் வைத்து இறுக்குங்கள். இரண்டும் அசையாமல் நின்றால் நட்டுகள் சரியாகத் திரும்புகின்றன. ஒன்று விழுந்தால் தண்டுப் பகுதிக்குத் திரும்புங்கள்.

எடைக்கு, குடிநீர்ப் போத்தல் அட்டைப்பெட்டிகளை அடுக்கலாம். அரை லிட்டர் போத்தல் 24 என்றால் பெட்டி 12 கிலோ. நான்கு பெட்டியை ஒரு மணி நேரம் விட்டு, கால்கள் விரிகின்றனவா, புதிய போல்ட்டுகளின் அருகில் குழாய் பிதுங்குகிறதா என்று பாருங்கள். ஆள் மேலே ஏறி நின்று சோதிக்க வேண்டாம்.

புதிதே வாங்குவதென்றால்

பெட்டியில் எழுதியிருக்கும் எடைத் தாங்குதிறனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது மேலிருந்து அழுத்தும் எடைக்கான எண், பக்கவாட்டு ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கடையிலேயே விரித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அடியில் குனிந்து நட்டு உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். இரண்டு கைப்பிடியும் தனித்தனியாகச் சுற்றுகின்றனவா, தாடை எவ்வளவு திறக்கிறது, மடக்கினால் எவ்வளவு தடிமன் என்பதையும். நின்று இழைக்கவும் துளைக்கவும் தளம் உங்கள் மணிக்கட்டு உயரத்தில் இருப்பது முதுகுக்கு நல்லது.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் பழைய மேசைகள் பெரும்பாலும் கரோசல் என்ற இணையச் சந்தையில்தான் வருகின்றன. விற்பவரிடம் மேற்பலகையின் படம் கேட்காதீர்கள். மேசையைக் கவிழ்த்து, தண்டும் நட்டும் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். உப்பிய பலகையும் நல்ல நட்டும் உள்ள பழைய எஃகு மேசை கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பலகை புத்தம் புதிதாக மின்னி, அடியில் வெள்ளைத் துகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கைவிடும் மேசையிலிருந்து நல்ல தண்டு, கைப்பிடி, முளை, கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மிஞ்சும் இரும்புச் சட்டத்தைக் பழைய பொருள் வாங்கும் காரங்குனிக்காரர் வரும்போது கொடுக்கலாம். அவர் வராவிட்டால் நகர மன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவைக்கு முன்பதிவு செய்யுங்கள். லிஃப்ட் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

சரிசெய்த மேசையைப் படுக்கையறை அலமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ வைப்பது நல்லது. பாம் ஷெல்டர்தான் ஒரே இடம் என்றால் தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் நிறுத்தி, தாடைகளை 3 மிமீ திறந்து விட்டு, வாரம் ஒருமுறையாவது கதவை அரைநாள் திறந்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகை மறுபடி தேய்த்து, ரப்பர் மூடிகளைக் கழற்றிக் குழாய் முனையைப் பாருங்கள்.